யப்பானுக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் இன்னொருவனுக்கு வழி கூறுதலே அவற்றின் பொருள். இப்பாட்டுக்களை மாணவர்க்கு ஓதுவிக்கும்போதெல்லாம் நான் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். வழி கூறுபவன் தான் கண்ட ஊர்கள் அனைத்தையும் அடுக்குவதில்லை. சிறுபாணாற்றுப்படையிலே, நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழியிடை ஊர்களாகச் சொல்லப்படுவன எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என மூன்றே. ஒன்று நெய்தல், ஒன்று முல்லை, ஒன்று மருதம். அந்தந்த ஊரில் எவர் எதிர்கொள்வர், என்ன உணவு கிடைக்கும் என்பதும் கூறப்படும். வழியில் வேறு ஊர்கள் இல்லாமற் போயிருக்குமா? இருந்திருக்கும். புலவர் தெரிந்தெடுத்தார், எஞ்சியவற்றைக் கழித்தார்.

இக்காலப் பிரயாணிக்கு வழி கூறுவார் இல்லை என்ற குறை கிடையாது. கூறுவார் மிகுதியாக இருப்பதே குறை. யப்பான் போன்ற ஒரு நாட்டுக்குச் செல்ல எண்ணுபவன் முன்னால் நூறு ஊர்களும் ஆயிரம் காட்சிகளும் வந்து குவிகின்றன. பதினான்கு நாட்களுக்குள் எதைக் காண்பது, எதை விடுவது? சென்ற ஆண்டு திசெம்பர் மாத முற்பகுதியில் நானும் என் நண்பரான புவியியல் ஆசிரியர் ஒருவரும் அந்நாட்டைப் புகையிரதத்திற் சுற்றி வந்தோம். எங்கள் தெரிவு எவ்வாறு அமைந்தது, எந்த நியாயத்தால் அமைந்தது என்பதை ஈண்டு கூற விரும்புகின்றேன். ஆசிரிய நண்பர் சிலரும், மேற்படிப்புக்காக அந்நாடு செல்லும் மாணவர் சிலரும் இதனை வினவியுள்ளனர்.

இரண்டு பட்டியல்கள்

புறப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே நண்பர் ஒரு பட்டியல் எழுதி வந்தார். அதிலே இருபத்திரண்டு ஊர்கள் இருந்தன. வடக்கே ஹொக்கைடோத் தீவிலிருந்து தெற்கே கியூசுவிலுள்ள ககோசிமா வரை ஒரு நீண்ட கோடு. அவருடைய நியாயம் எளிது. 1988 ஆம் ஆண்டிலே வடக்கில் கடலடிச் சுரங்கமும் தெற்கில் செத்தோக் கடற்பாலமும் திறக்கப்பட்ட பின்னர், யப்பானின் நான்கு பெருந்தீவுகளும் இரும்புப்பாதையால் இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே நான்கையும் மிதித்து வருவதுதான் முறை என்றார்.

“மாஸ்ரர், இது பிரயாணமோ, தபால் விநியோகமோ?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். ஆனால் பட்டியலை மடித்து வைக்கவில்லை.

என்னுடைய பட்டியல் வேறு வகையானது. அதிலே ஊர்களுக்கு முன்னர் மனிதர்களும் நூல்களும் இருந்தன. மன்யோசு என்ற பழம்பாடல் தொகை பிறந்த நாரா. பாசோ என்ற கவிஞர் 1689 இல் நடந்து சென்ற வடநாட்டு வழி. நற்சுமே சோசெக்கி என்ற நாவலாசிரியர் ஆசிரியராயிருந்த மற்சுயாமா. இதுவும் ஒன்றரை மாதம் வேண்டிநிற்கும் பட்டியலே என்பதை நண்பர் கணக்கிட்டுக் காட்டினார்.

இரு பட்டியல்களையும் நடுவில் வைத்து நாங்கள் மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொண்டோம். முதலாவது, பகற்பொழுது. திசெம்பரிலே தோக்கியோவில் மாலை நான்கரை மணிக்கே ஞாயிறு மறைந்துவிடும். கோயில்கள் பலவும் நான்கு, ஐந்து மணிக்குள் வாயில் அடைத்துவிடும். ஆதலால் ஒரு நாளைக்கு இரண்டு காட்சிகளுக்கு மேல் எழுதலாகாது. இரண்டாவது, படுக்கை. ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்கித் திரிந்தால் பாதிநாள் பெட்டிக்கே போய்விடும். ஆகவே நான்கு ஊர்களில் மாத்திரம் தங்குவது. சுற்றியுள்ளவற்றைக் காலையிற் சென்று மாலையில் மீண்டு காண்பது. மூன்றாவது, காரணம். ஓர் ஊரைப் பட்டியலிற் சேர்ப்பவர், ஏன் அங்கு செல்லவேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் மற்றவருக்குச் சொல்லவேண்டும். “எல்லாரும் போகிறார்கள்” என்பது காரணமாகக் கொள்ளப்படமாட்டாது.

மூன்றாவது அளவுகோலிலே பன்னிரண்டு ஊர்கள் ஒரே மாலையில் வீழ்ந்தன. எஞ்சியவற்றிலிருந்து தோக்கியோவில் நான்கு இரவுகள், கனசாவாவில் இரண்டு, கியோத்தோவில் நான்கு, ஹிரோசிமாவில் இரண்டு, மீண்டும் தோக்கியோவில் ஒன்று என வகுத்தோம். ஹிரோசிமா இலகுவில் உட்புகவில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

வண்டியும் சீட்டும்

இலங்கையில் முதற் புகையிரதம் 1864 திசெம்பரிலே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. யப்பானின் முதற்பாதை தோக்கியோவின் சிம்பாசிக்கும் யொக்ககாமாவுக்கும் இடையே 1872 இல் திறக்கப்பட்டது. காலத்தால் நாமே மூத்தோர். ஆனால் 1964 ஒக்டோபர் முதலாம் நாள், தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையிலே 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட புதுப்பாதையில் “சின்கான்சென்” என்ற விரைவண்டி மணிக்கு 210 கிலோமீற்றர் வேகத்தில் ஓடத் தொடங்கியபோது, உலகமே அவ்விரும்புப்பாதையைத் திரும்பிப் பார்த்தது. அன்று தொட்டு இன்று வரை அவ்விரைவண்டிகள் மோதியோ தடம்புரண்டோ பயணி ஒருவரும் உயிரிழந்ததில்லை.

வண்டிகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களைக் கேட்டுத் தமிழாசிரியனாகிய நான் மகிழ்ந்தேன். “ஹிகாரி” என்றால் ஒளி. “கொடாமா” என்றால் எதிரொலி. “நொசோமி” என்றால் நம்பிக்கை. கனசாவா செல்லும் “ககயாக்கி” சுடரொளி. ஒலியினும் ஒளி விரைவானது. இரண்டினும் நம்பிக்கை விரைவானது என்று கருதினர் போலும், வேகத்தில் அவை அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. 1956 இல் நமது வண்டிக்கு யாழ்தேவி என்று பெயரிட்டவர்களையும் அப்பொழுது நன்றியோடு நினைத்தேன். மின்சாரத்தில் ஓடும் இவற்றை இன்னும் “புகையிரதம்” என்று சொல்வது தகுமோ என்று நண்பர் கேட்டார். எண்ணெய் என்ற சொல் எள்ளை விட்டு நீங்கித் தேங்காய்க்கும் ஆனதுபோல இதுவும் ஆகட்டும் என்றேன்.

சீட்டு வாங்குவதில் ஒரு செய்தி. வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கென 7, 14, 21 நாட்களுக்கான ஒரு பொதுச்சீட்டு உண்டு. முன்னர் அது மிக மலிவு. 2023 ஒக்டோபரில் அதன் விலை பெரிதும் உயர்ந்தது. ஏழு நாட் சீட்டு 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகவும், பதினான்கு நாட் சீட்டு 80,000 ஆகவும் ஆயின. நண்பருடைய இருபத்திரண்டு ஊர்ப் பட்டியலுக்கு அது ஏற்றது. நாங்கள் தெரிந்த நான்கு ஊர்களுக்கோ, தனித்தனிச் சீட்டுக்கள் 60,000 யென்னுக்குள் அடங்கின. இதில் ஓர் உண்மையும் உண்டு. பொதுச்சீட்டை வாங்கியவன், கொடுத்த பணத்துக்கு ஓடியாக வேண்டும் என்ற நினைப்பிலேயே ஓடுவான். சீட்டு அவனைச் சுமந்து செல்லாது. அவனே சீட்டைச் சுமந்து திரிவான். ஆகவே செல்லவிருப்போர் முதலில் ஊர்களைத் தெரிக. பின்னர் சீட்டைத் தெரிக.

நேரந் தவறாமை பற்றி அனைவரும் அறிவர். 2017 நவெம்பரில் தோக்கியோவுக்கு அயலிலே ஒரு வண்டி 20 வினாடி முந்திப் புறப்பட்டுவிட்டது என்பதற்காக அப்பாதையின் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பிந்தியமைக்கன்று, முந்தியமைக்கு!

காமகுரா

தோக்கியோவிலிருந்து ஒரு நாட் செலவாகக் காணத்தக்க இடங்கள் நிக்கோ, காமகுரா ஆகிய இரண்டும். நிக்கோவில் முதலாவது தொக்குகாவா அதிபரின் பொன்னொளிரும் சமாதி; காமகுராவிலே வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் பெரிய புத்தர். இரண்டிலொன்று என்றபோது காமகுராவைக் கொண்டோம். இதற்கு என் காரணம் இரண்டு.

ஒன்று கலைமகள். காமகுராவிலிருந்து கடலோரமாகச் செல்லும் பத்துக் கிலோமீற்றர் நீளமான சிறு புகையிரதப் பாதை உண்டு. வீட்டு வேலிகளை உரசுவதுபோற் செல்லும் அவ்வண்டியில் ஏறினால் எனோசிமா என்ற சிறுதீவை அடையலாம். அத்தீவின் தெய்வம் பென்சாய்தென். நம் சரசுவதியே பௌத்தத்தோடு சீனம் கடந்து அங்கு சென்று, வீணைக்குப் பதிலாக “பீவா” என்னும் யாழ் போன்ற கருவியை ஏந்தியிருக்கின்றாள். ஏடும் யாழும் எங்கள் ஊரோடு பிறந்தவை என்று எண்ணியிருப்போர் அவளைக் கண்டு வணங்கி வருதல் நன்று.

மற்றது ஒரு நினைவுக்கல். 1951 ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் யப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்யும் மாநாடு கூடியது. அங்கு இலங்கையின் பிரதிநிதியாகச் சென்ற ஜே. ஆர். ஜயவர்த்தனா, பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தர் வாக்கை எடுத்துரைத்து, தோல்வியுற்ற நாட்டின்மீது நட்டஈடு சுமத்த வேண்டாம் என வாதாடினார். அதனை யப்பானியர் மறக்கவில்லை. காமகுராப் புத்தர் கோயில் முற்றத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் 1991 இல் நாட்டப்பட்டது.

அக்கல்லின் முன் நாங்கள் இருவரும் நெடுநேரம் நின்றோம். அவ்வாக்கைச் சொன்னவர் நாட்டின் சனாதிபதியாக இருந்த காலத்திலேதான் 1983 ஆடி வந்தது. நண்பர் அந்த ஆடியிலே கொழும்பிலிருந்து கப்பலேறி ஊர் வந்த சிறுவன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தின்பின், “வாக்கு நல்ல வாக்கு, பண்டிதர். அதைச் சொன்னவருக்கே உரியதாக விடவேண்டியதில்லை” என்றார். அவருடைய இருபத்திரண்டு ஊர்ப் பட்டியலிலே இவ்விடம் இருக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவ்வூர் எங்கள் பட்டியலில் நின்றது சரி என்பேன்.

கனசாவா

பெரும்பாலார் தோக்கியோவிலிருந்து நேரே கியோத்தோ செல்வர். ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் அடையலாம். நாங்கள் யப்பான் கடற்புறமாகச் சுற்றிச் சென்றோம். 2015 மார்ச்சிலே கனசாவா வரை விரைவண்டி நீண்டது. தோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம். 2024 மார்ச்சில் அது சுறுகா வரை மேலும் நீண்டது. சுறுகாவில் இறங்கி, ஒரே நிலையத்திற்குள் வேறு வண்டி மாறினால் கியோத்தோ வந்துவிடும். ஒரே வழியிற் போய் அதே வழியில் மீளாமல் வட்டமாக வருவதற்கு இது துணைசெய்கிறது.

கனசாவா போர்க்காலக் குண்டுவீச்சுக்குத் தப்பிய பழைய நகரம். மயேதா என்ற சிற்றரசர் குடியின் தலைநகர். அங்குள்ள கென்ரொக்குவென், யப்பானின் மூன்று பெருஞ்சோலைகளுள் ஒன்று. அதன் பெயருக்கு ஆறு குணங்களையும் ஒருங்குடையது என்பது பொருள். பரப்பு, தனிமை, செய்திறன், தொன்மை, நீர்வளம், நெடுங்காட்சி என்பன அவ்வாறு குணங்கள். ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறையும் இயல்பின ஆதலின், ஆறும் சேர்தல் அரிது என்பது அவர்கள் கருத்து. நவெம்பர் முதலாம் நாள் தொடங்கி, பனியின் பாரத்தாற் கிளைகள் முறியாதிருக்க, மரங்களின் உச்சியிலிருந்து கயிறுகளைக் கூம்பாக இழுத்துக் கட்டுவர். நாங்கள் சென்றபோது பனி விழவில்லை, கயிறுகள் காத்திருந்தன. வரப்போகும் துன்பத்துக்கு முற்கூட்டியே முண்டுகொடுக்கும் அந்த ஏற்பாடு நண்பருக்கு மிகப் பிடித்தது. ஒவ்வொரு கயிறாக எண்ணத் தொடங்கி, நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கியோத்தோவும் நாராவும்

கியோத்தோ 794 முதல் 1869 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் தலைநகராயிருந்தது. அங்குள்ள கோயில்கள் அனைத்தையும் காண ஓராண்டும் போதாது. நாங்கள் நாளுக்கு ஒரு திசை என வகுத்தோம். ஊரின் குறுக்கே ஓடாமல், கிழக்கு மலையடிவாரம் ஒரு நாள், வடமேற்கு ஒரு நாள். இவ்வாறு செய்தால் கால்நடையே போதும்.

தமிழ் கற்றவன் எவனும் விடக்கூடாத ஓரிடம் அங்கு உண்டு. சஞ்சூசங்கென்தோ என்பது 1266 இல் மீண்டும் கட்டப்பட்ட, ஏறக்குறைய 120 மீற்றர் நீளமான மரமண்டபம். அதனுள் கன்னொன் என யப்பானியர் வழிபடும் அவலோகிதருடைய உருவங்கள் 1001 வரிசையாக நிற்கின்றன. காவலராகப் பிரமனும் இந்திரனும் கருடனும் நிற்கின்றனர். அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டார் என்று சொல்வது வீரசோழியம். பதினோராம் நூற்றாண்டிலே புத்தமித்திரனார் செய்த அந்நூலின் பாயிரத்தை நாங்கள் ஒரு மரபுச் செய்தியாகக் கூறிக் கடந்துவிடுவோம். அந்த நீண்ட மண்டபத்தின் அரையிருளிலே, பொன்முகங்கள் ஆயிரம் ஒருசேர நோக்கி நிற்கக் கண்டபோது, தமிழுக்கு ஆசான் எனப்பட்ட ஒருவனை நம் நாட்டிலே மறந்துவிட்டு ஈராயிரங் காதத்துக்கு அப்பால் வந்து காண்கின்றோமே என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

பொற்கோயில் எனப்படும் கின்ககுஜி அனைவரும் காணும் இடம். நீரில் நிழல் விழ நிற்கும் அக்கட்டடம் பழையதன்று. பழையதை 1950 ஆடியிலே இளந்துறவி ஒருவன் தீயிட்டான். 1955 இல் மீண்டும் கட்டினர். கட்டடம் எழுந்துவிட்டது, காண்போர் வேறுபாடு அறியார். 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகமும் அவ்வாறே வெண்மையாக மீண்டும் எழுந்து நிற்கின்றது. ஆயினும் பொன்தகட்டைத் திரும்ப ஒட்டலாம். எரிந்த ஏட்டுச்சுவடியை எவ்வாறு திரும்ப எழுதுவது? பொற்கோயிலைக் கண்டு மகிழ்ந்தவர்கள் நடுவில் நான் இதை எண்ணி நின்றேன்.

நாரா, கியோத்தோவிலிருந்து முக்கால்மணிப் பயணம். 710 முதல் 784 வரை தலைநகர். தோதாய்ஜிக் கோயிலின் வெண்கலப் புத்தர் ஏறக்குறைய 15 மீற்றர் உயரம். 752 இல் அதற்குக் கண்திறக்கும் சடங்கை நடத்தியவர் பாரதநாட்டிலிருந்து வந்த போதிசேனர். பலர் அப்புத்தரையும் மான்களையும் கண்டு மீண்டுவிடுவர். இலக்கிய மாணவர் மேலும் சிறிது நடக்கவேண்டும். கசுகா ஆலயத்தின் பக்கத்திலே ஒரு சோலை இருக்கின்றது. மன்யோசுவிற் பாடப்பட்ட செடிகொடிகள் ஏறக்குறைய 300 வகையை அங்கு நட்டு வளர்க்கின்றனர். எட்டாம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்ட மன்யோசு, இருபது பகுதிகளில் ஏறத்தாழ 4,500 பாடல்களைக் கொண்டது. அரசர் பாட்டும் உண்டு. எல்லை காக்கச் சென்ற படைவீரன் மனைவியைப் பிரிந்து பாடிய பாட்டும் உண்டு. நம் முல்லையும் பாலையும் அங்கே வேற்றுமொழி பேசுகின்றன. பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இவ்வொற்றுமைகளிலே ஈடுபட்டு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து பல்லாண்டு ஆராய்ந்தார். தமிழும் யப்பானியமும் உறவுமொழிகள் என்ற அவர் முடிபை மொழியியலார் பெரும்பாலார் ஏற்கவில்லை. ஏற்பினும் ஏற்காவிடினும், வினை ஈற்றில் நிற்பதும் வேற்றுமை உருபு பெயரின்பின் வருவதும் அந்நாட்டிற் பேச்சைக் கேட்கும் தமிழன் செவிக்கு இனியனவே.

அச்சோலையில் ஒவ்வொரு செடியின் அருகிலும் ஒரு பலகை. அதில் அச்செடி வரும் பாடல். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களை அடுக்கினார். மாணவர் அவற்றை மனனஞ் செய்கின்றனர்; அவற்றுள் எத்தனையைக் கண்ணாற் கண்டுள்ளனர்? கிடைக்கக்கூடிய இருபது முப்பதையாவது நம் கல்லூரி வளவுகளில் நட்டுப் பெயரெழுதி வைத்தல் கூடாத காரியமா? நாராவிலிருந்து நான் கொண்டுவந்த பொருள் இவ்வெண்ணம் ஒன்றே.

ஹிரோசிமா

ஹிரோசிமாவை நான் பட்டியலில் எழுதியபோது, நண்பர் அதனை அடித்துவிட்டார். நான் மீண்டும் எழுதினேன். அவர் மீண்டும் அடித்தார்.

“இடிபாடு பார்க்கவோ பண்டிதர் இவ்வளவு காசு செலவழித்துப் போகிறது? எங்கள் ஊரிலே பார்த்தது போதாதோ?” என்றார்.

இந்த வினாவிலே நியாயம் உண்டு. துன்பங் கண்டவனுக்கு இன்னொருவன் துன்பத்தைக் காட்சியாகப் பார்க்க மனம் வராது. நான் கூறிய மறுமொழி இதுதான்: “இடிந்ததைப் பார்க்க அன்று, மாஸ்ரர். எழுந்ததைப் பார்க்க. எப்படி எழுந்தது என்று கேட்டுவர.” இது மூன்றாவது அளவுகோலுக்கு அடங்கியது. அவர் அரைமனதோடு இசைந்தார். வழியில் ஹிமேஜியில் இறங்கி, 1609 இற் கட்டி முடிந்த வெண்ணிறக் கோட்டையைக் காண்பது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1945 இல் சுற்றியுள்ள ஊர் எரிந்தபோதும் அக்கோட்டை தப்பியது.

1945 ஓகஸ்ட் 6 காலை 8.15 இற்கு ஹிரோசிமாவின்மீது அணுக்குண்டு வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 140,000 பேர் மாண்டனர். ஆற்றங்கரையில், வளைந்த இரும்புக் குடையோடு நிற்கும் கட்டடம் முன்னர் கைத்தொழிற் கண்காட்சி மண்டபம். செக் நாட்டுச் சிற்பி ஒருவர் வகுத்து 1915 இல் எழுந்தது. அதனை இடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. நின்றபடி நிற்கவிட்டனர். நூதனசாலைக்குள் நண்பர் வரவில்லை. வெளியே மரத்தடியில் அமர்ந்திருந்தார். நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் அவ்வூரிலே தெருவண்டி உண்டு. தெருவின் நடுவே தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டி. குண்டு விழுந்த மூன்றாம் நாள், ஓகஸ்ட் 9 ஆம் நாள், அத்தெருவண்டி ஒரு சிறு பகுதியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆடவர் போருக்குச் சென்றிருந்தமையால், வண்டி நிறுவனம் நடத்திய பெண்கள் பாடசாலையின் மாணவிகளே நடத்துநராகவும் ஓட்டுநராகவும் பணிபுரிந்து வந்தனர். தோழியர் பலரை இழந்த பின்னும், எஞ்சியவர்களிற் சிலர் அவ்வண்டிகளில் நின்று கடமை செய்தனர். நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும். அன்று குண்டுக்கு இலக்காகித் திருத்தப்பட்ட 650 ஆம் வரிசை வண்டிகளுட் சில பல பத்தாண்டுகள் கடந்தும் அவ்வூர்த் தெருக்களில் ஓடியுள்ளன.

இதைக் கேட்டபின் நண்பரைத் தெருவண்டியிலிருந்து இறக்க முடியவில்லை. அன்று மாலை முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், மீண்டும் இம்முனைக்குமாகப் போய்வந்தோம். ஆறு கிளைகளாகப் பிரிந்து கடல் சேரும் ஆற்றுக் கழிமுகத்தின்மேல் ஊர் அமைந்திருப்பதையும், பாலங்கள் ஒவ்வொன்றாக வருவதையும் அவர் எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார். பின்னர் தம் கதையைச் சொன்னார். அவர் வீடு கொடிகாமம் நிலையத்துக்கு அண்மையில். 1990 இல் வடக்குப் பாதையில் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க்கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை இருந்த மேடு பற்றைக் காடாயிற்று. அவர் புவியியல் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், புகையிரதப் பாதை என்ற குறியீட்டைப் படத்திற் காட்டினால், அதைப் பிள்ளைகள் கண்டதில்லை. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. “மூன்று நாள் எங்கே, இருபத்து நான்கு ஆண்டு எங்கே?” என்றார்.

இரண்டையும் ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாது என்றேன். அங்கே போர் ஒன்பது நாளில் முடிந்தது. இங்கே முடிய இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. அவர் அதை ஒப்புக்கொண்டார். “ஆனால் பண்டிதர், அந்தப் பிள்ளைகள் வண்டியை ஓட்டினது, போக இடம் இருக்குது என்று சனத்துக்குச் சொல்லத்தானே” என்றார். நான் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை அவர் தாமாகவே நூதனசாலை வாயிலுக்கு வந்து, எனக்கு முன்னே உள்ளே சென்றார்.

பிற்பகலில் படகேறி மியாஜிமாவைக் கண்டோம். கடல்நீரிற் கால்நனைய நிற்கும் செந்நிறப் பெருந்தோரணம் அங்குள்ளது. ஏற்றமும் வற்றமும் பார்த்துச் செல்லவேண்டும். நீர் பெருகிய வேளையே அழகு. அங்கும் பென்சாய்தென் கோயில் கொண்டிருக்கின்றாள்.

விட்டவை

விட்டவற்றை மறைத்தல் முறையன்று. பாசோ 1689 இல் ஏறிய யமதேரா மலைக்கோயில், செந்தாய் நகரிலிருந்து ஒருமணிப் பயணம். படிகள் ஆயிரத்துக்கு மேல். நிலையமே மலையடியில் இருக்கின்றது. நாங்கள் வடக்கே செல்லவில்லை. ஒனோமிச்சி என்ற மலைச்சரிவுத் துறைமுகம், ஓசு என்ற இயக்குநரின் “தோக்கியோக் கதை” என்னும் 1953 ஆம் ஆண்டுப் படத்தில் முதிய பெற்றோர் பிள்ளைகளைக் காணப் புகையிரதத்திற் புறப்படும் ஊர். வண்டியின் சாளரத்தால் அப்பக்கத்தைப் பார்த்தோம், இறங்கவில்லை. ஒக்கயாமாவிலிருந்து “யக்குமோ” வண்டியில் மலைகளைக் கடந்தால் மற்சுவே வரும். 1890 இலே லப்காடியோ ஹேர்ன் ஆங்கிலம் கற்பிக்கச் சென்று, அந்நாட்டின் பழங்கதைகளைக் கேட்டெழுதிய ஊர். அதே ஒக்கயாமாவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்தால் மற்சுயாமா. 1895 இல் நற்சுமே சோசெக்கி ஆங்கில ஆசிரியராக அங்கு சென்றார். அவ்வனுபவத்தை வைத்து 1906 இல் எழுதிய “பொச்சான்” என்ற நாவல், தலைநகரிலிருந்து தொலைவூர்ப் பாடசாலைக்குச் சென்ற இளைய கணித ஆசிரியன் ஒருவனின் கதை. கசிந்த கண்ணோடும் அடங்காத சிரிப்போடும் ஆசிரியர் எவரும் படிக்கத்தக்கது.

செல்லவிருப்போர்க்கு நான் கூறுவது சுருக்கமாக இது. ஏப்ரில் இறுதி தொடங்கி மே முதல்வாரம் வரையும், ஓகஸ்ட் நடுப்பகுதியும் அந்நாட்டார் தாமே ஊருக்குச் செல்லும் விடுமுறைக் காலங்கள். வண்டிகளில் இடம் கிடைப்பது அரிது. யூன், யூலை மழைக்காலம். படுக்கைக்கு நான்கு ஊர். பகலுக்கு இரண்டு காட்சி. ஊருக்கு ஒரு காரணம். காரணத்தை எழுதிக் கையில் வைத்துக்கொள்க. மீண்டு வந்தபின் அதனை எடுத்துப் பார்த்தால், எந்த ஊர் காரணத்திற்கு மேலாகத் தந்தது என்பது தெரியவரும்.

அடுத்த விடுமுறையில் அந்நாடு செல்லும் ஆசிரியர் எவரேனும் மற்சுயாமாவைத் தெரிந்தெடுத்து, சோசெக்கி கற்பித்த ஊரைக் கண்டு, இப்பக்கத்தில் எழுதுவாராயின், நண்பரும் நானும் அதனை ஆவலோடு படிப்போம். வடக்கே யமதேராவுக்கு ஏறுபவர், ஆயிரம் படிகளையும் எண்ணி வரவேண்டும் என்பது புவியியல் ஆசிரியரின் வேண்டுகோள்.